95 சதவீதத் தேர்ச்சி: எத்தனை பேரில்?

கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியின் கல்வி நிலையைக் கணக்கிடுவது எப்படி?

மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் ஊருக்குள் முதலில் பேசப்படுவது தேர்ச்சி விகிதம்தான். பக்கத்து ஊர்ப் பள்ளி 98, நம் ஊர்ப் பள்ளி 88 என்றால், "வாத்தியாருங்க சரியில்லீங்க" என்று டீக்கடையிலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது. அடுத்த ஜூனில் நாலைந்து பிள்ளைகள் மெட்ரிக் பள்ளி வேனில் ஏறிவிடுகிறார்கள். 100 சதவீதம் என்றால் பேருந்து நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் எழும்புகிறது. இரண்டு முடிவுக்கும் ஆதாரம் ஒரே ஒரு எண். ஆண்டுக்கு இருபது முப்பது பேர் தேர்வு எழுதும் பள்ளியைப் பற்றி அந்த எண் மிகக் குறைவாகவே சொல்லும். அதை வைத்துக்கொண்டு பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று முடிவெடுக்கும் பெற்றோருக்காகவும், பள்ளி மேலாண்மைக் குழுவில் புதிதாக உட்கார்ந்திருப்பவர்களுக்காகவும் இந்த விளக்கம். கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

எந்தப் பள்ளி, எந்தத் தேர்வு

தமிழ்நாட்டில் உயர்நிலைப் பள்ளி என்றால் 10ஆம் வகுப்பு வரை. மேல்நிலைப் பள்ளி என்றால் 12 வரை. இரண்டும் பெரும்பாலும் 6ஆம் வகுப்பில் தொடங்குபவை. அதற்கு முந்தைய ஐந்து வகுப்பை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியிலும், சில ஊர்களில் 8 வரை நடுநிலைப் பள்ளியிலும் பிள்ளைகள் முடித்துவிட்டு வருகிறார்கள். ஆகவே ஓர் உயர்நிலைப் பள்ளியின் 6ஆம் வகுப்பில் சுற்றிலும் உள்ள மூன்று நான்கு ஊர்த் தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகள் கலந்து உட்கார்ந்திருப்பார்கள்.

பத்தாம் வகுப்பில் ஐந்து பாடம், மொத்தம் 500 மதிப்பெண். ஒவ்வொரு பாடத்திலும் 35 எடுத்தால் தேர்ச்சி. ஒரு பாடம் போனாலும் அந்தப் பிள்ளை அந்தப் பள்ளியின் கணக்கில் தோல்விதான். அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் குறைந்தது 20, செய்முறையில் குறைந்தது 15 வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக்கு ஆறு பாடம், 600. பதினொன்றாம் வகுப்புக்கு இருந்துவந்த பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டிலிருந்து கைவிடப்பட்டது. மாநில, மாவட்ட ரேங்க் அறிவிக்கும் வழக்கம் 2017லேயே நின்றுவிட்டது. ரேங்க் போன பிறகு அந்த இடத்தைத் தேர்ச்சி விகிதம் பிடித்துக்கொண்டது.

கொங்குப் பகுதி மாவட்டங்கள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சிப் பட்டியலில் பெரும்பாலும் மேலே இருப்பவை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் திருப்பூர் மாவட்டம் 2019, 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் மாநிலத்தில் முதலிடம். 2024இல் திருப்பூர் 97.45 சதவீதம். மாநிலம் முழுவதற்கும் 94.56. அரசுப் பள்ளிகளை மட்டும் எடுத்தால் மாநில அளவில் 91.02. இதில் கவனிக்க வேண்டியது, மாவட்டக் கணக்கில் தனியார், உதவிபெறும் பள்ளி, அரசுப் பள்ளி எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன. "திருப்பூர் மாவட்டம் ஃபர்ஸ்ட்" என்பதை வைத்துக் குண்டடம் பக்கத்து அரசுப் பள்ளியையோ மூலனூர் பக்கத்து அரசுப் பள்ளியையோ மதிப்பிட முடியாது. ஒப்பிடுவதாக இருந்தால் அரசுப் பள்ளிகளின் சராசரியோடு ஒப்பிடுங்கள். பத்தாம் வகுப்பில் 2024இல் மொத்தம் 91.55, அரசுப் பள்ளிகள் 87.90.

தேர்வு எழுதியவர்கள் மட்டும்தான் கணக்கில்

தேர்ச்சி விகிதம் என்பது தேர்ச்சி பெற்றவர்களைத் தேர்வு எழுதியவர்களால் வகுப்பது. பிழை நுழைவது இரண்டாவது எண் வழியாகத்தான். எழுதாதவர்கள் கணக்கிலேயே வருவதில்லை. காலையில் பட்டியை விட்டுப் போன ஆடுகளை எண்ணாமல், சாயங்காலம் திரும்பி வந்தவற்றை மட்டும் எண்ணி எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்வது போன்றது இது.

பல்லடம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். 9ஆம் வகுப்பில் ஜூன் மாதம் 31 பேர். அடுத்த ஜூனில் 10ஆம் வகுப்புக்கு வந்தவர்கள் 27 பேர். தேர்வுத் துறைக்கு அனுப்பிய பெயர்ப் பட்டியலில் 25 பேர். தேர்வு அறைக்கு வந்தவர்கள் 23 பேர். தேர்ச்சி 22 பேர். ஃப்ளெக்ஸில் வரும் எண் 22-ஐ 23-ஆல் வகுத்தது, 95.65 சதவீதம்.

இப்போது காணாமல் போன எட்டுப் பேரைத் தேடுவோம். இரண்டு பேர் மாற்றுச் சான்றிதழ் வாங்கி வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள். அவர்களைக் கழித்துவிடலாம், பள்ளி மீது குறை இல்லை. மீதி ஆறு பேர் எங்கேயும் சேரவில்லை. ஆகவே சரியான அடித்தளம் 31 இல்லை, 23ம் இல்லை, 29. அந்த 29இல் தேர்ச்சி 22. அதாவது 75.86 சதவீதம். ஒரே பள்ளி, ஒரே பிள்ளைகள், இருபது புள்ளி வித்தியாசம்.

இந்த இரண்டாவது கணக்கைத்தான் முதலில் போட வேண்டும் என்பது எங்கள் கருத்து. தேர்வு எழுதித் தோற்ற ஒரு பிள்ளையைப் பற்றி ஊரே பேசுகிறது. அந்தப் பிள்ளைக்குத் துணைத்தேர்வு இருக்கிறது, பள்ளியில் பெயர் இருக்கிறது, தேடி வர ஒரு ஆசிரியர் இருக்கிறார். 9ஆம் வகுப்பு முழுஆண்டு விடுமுறையில் தறிக்குப் போய்த் திரும்பாத பையனைப் பற்றி எந்த எண்ணும் பேசுவதில்லை.

9ஆம் வகுப்பிலேயே ஏன் இந்த உதிர்வு? இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, 6 வயது முதல் 14 வயது வரைதான் பொருந்தும். 8ஆம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்துவதும் இல்லை. 9இல்தான் சட்டத்தின் பிடி தளர்கிறது, பாடம் கனக்கிறது, பையனுக்கு வேலை பார்க்கும் உடம்பும் வந்துவிடுகிறது. சோமனூர், பல்லடம், குமாரபாளையம் என்றால் விசைத்தறி. திருப்பூரைச் சுற்றி என்றால் பனியன் கம்பெனியில் கை மடிக்கிற வேலை, செக்கிங், பேக்கிங். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்து பழகிவிட்டால் திங்கட்கிழமை புத்தகப் பையைத் தூக்குவது கடினம். மாநில அளவில் 2024 பத்தாம் வகுப்பில் மாணவிகள் 94.53, மாணவர்கள் 88.58. இந்த வித்தியாசம் தேர்வு எழுதியவர்களுக்குள்ளேயே இருப்பது. எழுதாமல் போன பையன்களையும் சேர்த்தால் உங்கள் ஊரில் அது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

பள்ளியில் இதைக் கண்டுபிடிக்க ஒரு நேரான வழி உண்டு. மாற்றுச் சான்றிதழ் கொடுத்ததும், பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவான எமிஸில் மாணவருக்குள்ள எண் 'காமன் பூல்' என்ற பொதுத் தொகுப்புக்குப் போகும். புதிதாகச் சேரும் பள்ளி அங்கிருந்து அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளும். ஜூன் மாதம் போன பெயர் ஆகஸ்ட் ஆகியும் அங்கேயே கிடந்தால் அந்தப் பிள்ளை எங்கும் சேரவில்லை என்று பெரும்பாலும் பொருள். மாநிலம் விட்டுப் போன குடும்பங்கள் விதிவிலக்கு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பெருந்துறை, திருப்பூர்ப் பக்கம் வேலை பார்க்கும் குடும்பங்கள் ஊருக்குத் திரும்பினால் பெயர் அப்படியே நிற்கும். ஆகவே பட்டியலை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல் வீட்டுக்கு ஒரு ஆள் போய்க் கேட்க வேண்டும்.

இன்னொரு தவறு வேண்டுமென்றே நடப்பது. 100 சதவீதம் காட்டுவதற்காக, அரையாண்டில் பின்தங்கிய பிள்ளையிடம் "நீ தனித்தேர்வரா எழுதிக்கோ" என்று சொல்லி மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவது. தனித்தேர்வராக எழுதினால் பள்ளிக் கணக்கில் தோல்வி ஏறாது. பிள்ளைக்கோ பாடம் நடத்த யாரும் இல்லை. தனியார், அரசு என்ற பேதம் இல்லாமல் இது தவறு. பெற்றோர் கையெழுத்து கேட்டால் போட வேண்டாம். 14417 என்ற கல்வி உதவி எண்ணில் சொல்லலாம்.

சின்ன வகுப்பின் ஆட்டம்

அடுத்தது, சிறிய எண்ணிக்கை. ஒரு வகுப்பில் 200 பேர் எழுதினால் ஒருவர் தோற்பது அரை சதவீதம். 20 பேர் எழுதினால் ஒருவர் தோற்பது 5 சதவீதம். அன்று ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு பிள்ளையின் வீட்டில் இழவு, அவ்வளவுதான், பள்ளி 10 புள்ளி கீழே போய்விடும்.

கொஞ்சம் உள்ளே போவோம். ஒரு பள்ளியில் ஆண்டுதோறும் 21 பேர் எழுதுகிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தேர்ச்சி பெறும் வாய்ப்பு பத்துக்கு ஒன்பது. ஆசிரியர் மாறவில்லை, கற்பிக்கும் முறை மாறவில்லை, எதுவுமே மாறவில்லை. அப்படியிருந்தும் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பள்ளி 100 சதவீதம் காட்டும். ஆறு ஏழு ஆண்டுக்கு ஒருமுறை நான்கு பேரோ அதற்கு மேலோ தோற்று, 81 சதவீதமோ அதற்கும் கீழோ காட்டும். ஃப்ளெக்ஸ் வைத்த ஆண்டுக்கும் தலைமையாசிரியரைத் திட்டிய ஆண்டுக்கும் நடுவே தற்செயலைத் தவிர வேறு எதுவும் இல்லை.

இதற்கு மருந்து எளிது. மூன்று ஆண்டையோ ஐந்து ஆண்டையோ சேர்த்துக் கணக்கிடுங்கள். முதல் ஆண்டு 20 பேரில் 18, இரண்டாம் ஆண்டு 23 பேரில் 23, மூன்றாம் ஆண்டு 21 பேரில் 17 என்றால் ஆண்டு வாரியாக 90, 100, 81 என்று ஏறி இறங்கும். சேர்த்தால் 64 பேரில் 58, அதாவது 90.6. இந்த எண்ணில்தான் பள்ளி நிற்கிறது. சேர்க்கும்போது மூன்று சதவீதத்தைக் கூட்டி மூன்றால் வகுக்கக் கூடாது. ஆட்களைக் கூட்டி ஆட்களால் வகுக்க வேண்டும். வகுப்பின் அளவு ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறும் பள்ளிகளில் இந்தப் பிழை நிறையத் தள்ளிவிடும்.

2020, 2021 இரண்டு ஆண்டுகளையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கொரோனாவால் பத்தாம் வகுப்புத் தேர்வே நடக்கவில்லை, எல்லோரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டது.

35-இல் நிற்பவர்கள்

தேர்ச்சி பெற்ற எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. இதைப் பார்க்கக் கணிதத் தாளே சரியான இடம். பத்தாம் வகுப்புக் கணிதத் தாளின் அமைப்பு இப்படி: ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, கடைசியில் எட்டு மதிப்பெண் வினாக்கள் 2. அந்தக் கடைசி இரண்டில் ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். ஆக 14, 20, 50, 16, மொத்தம் 100.

பின்தங்கிய பிள்ளையைக் கரையேற்ற நினைக்கும் ஆசிரியர் என்ன செய்வார்? வடிவியலையும் வரைபடத்தையும் ஜனவரி முதல் தினமும் போடவைப்பார். அளவுகோலும் கவராயமும் பிடித்துப் பழகிவிட்டால் 16-இல் 12, 13 வந்துவிடும். ஒரு மதிப்பெண் வினாக்களில் புத்தகத்தின் பின்னால் இருப்பவற்றை மனப்பாடம் செய்யவைத்தால் 8, 9. உறவுகளும் சார்புகளும் பாடத்தில் ஒரு சரிபார்த்தல் கணக்கு, அணிகளில் ஒரு பெருக்கல், புள்ளியியலில் ஒரு திட்டவிலக்கம். 35 தாண்டிவிடும். இது ஏமாற்று வேலை இல்லை. 10ஆம் வகுப்புச் சான்றிதழ் இல்லாமல் ஐடிஐயின் பெரும்பாலான தொழிற்பிரிவுகளில் சேர முடியாத பிள்ளைக்கு ஆசிரியர் செய்யும் பெரிய உதவி அது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு இயற்கணிதம் வந்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. அதே பிள்ளை பதினொன்றில் கணிதம் உள்ள குரூப் எடுத்தால் முதல் மாதமே திணறும்.

அதனால் தேர்ச்சி எண்ணுக்குப் பக்கத்தில் மதிப்பெண் பரவலை எழுதுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் 35-40, 41-60, 61-80, 81-100 என்று நான்கு கட்டம். ஒவ்வொன்றிலும் எத்தனை பேர்? இரண்டு பள்ளிகள், இரண்டிலும் 23 பேரில் 22 பேர் கணிதத்தில் தேர்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 35-40 கட்டத்தில் 12 பேர், மற்றதில் 3 பேர். ஃப்ளெக்ஸில் இரண்டும் ஒன்று. பதினொன்றாம் வகுப்பில் இரண்டும் வேறு வேறு. முதல் பள்ளியில் கவனிக்க வேண்டியது பத்தாம் வகுப்பை இல்லை, 6, 7, 8-ஐ. பெரும்பாலும் வகுத்தலும் பின்னமும் வராமலே அந்தப் பிள்ளைகள் மேலே ஏறி வந்திருப்பார்கள்.

அறிவியலைப் படிக்கும்போது செய்முறையைக் கழித்துவிட்டுப் படியுங்கள். செய்முறையில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு 25-ஐ ஒட்டியே வந்துவிடும். ஒரு பிள்ளை மொத்தம் 46 என்றால் எழுத்தில் வெறும் 21 இருக்கலாம், அதாவது 75-இல் விளிம்பைத் தாண்டியது. கணிதத்தில் 46 எடுத்த பிள்ளையும் அறிவியலில் 46 எடுத்த பிள்ளையும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது.

வகுப்புச் சராசரியை ரொம்ப நம்ப வேண்டாம். 490 எடுத்த ஒரு பிள்ளை சராசரியைத் தூக்கிவிடும். மொத்த மதிப்பெண்ணை வரிசையாக எழுதி, நடுவில் நிற்கும் பிள்ளையைப் பாருங்கள். 23 பேர் என்றால் பன்னிரண்டாவது ஆள். அந்தப் பிள்ளை ஐந்து ஆண்டுகளில் 240-லிருந்து 290-க்கு வந்திருந்தால் பள்ளியில் உண்மையாகவே வேலை நடக்கிறது.

எதோடு எதை ஒப்பிடுவது

பெற்றோர் அதிகம் ஏமாறுவது இங்கேதான். நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளின் மதிப்பெண்ணைக் காட்டி "நம்ம கவர்ன்மென்ட் ஸ்கூல்ல ஏனுங்க வரமாட்டேங்குது" என்று கேட்பது இங்கே வழக்கமான பேச்சு. அந்தப் பள்ளிகளில் பல, மதிப்பெண் பார்த்துச் சேர்க்கிற பள்ளிகள். கிராமத்து அரசுப் பள்ளி வாசலுக்கு வருகிற யாரையும் சேர்த்துக்கொள்கிறது. நல்லாப் படிக்கிற பிள்ளைகளில் சிலர் 5ஆம் வகுப்பு முடிந்ததும் வேன் ஏறிப் போய்விடுகிறார்கள். கட்டணம் கட்ட முடியாமலோ, படிப்பு வராமலோ மெட்ரிக்கிலிருந்து வெளியே வரும் பிள்ளைகள் 9ஆம் வகுப்பில் அரசுப் பள்ளிக்குத் திரும்பி வருகிறார்கள். போகிறவர் யார், வருகிறவர் யார் என்று பார்க்காமல் கடைசி மதிப்பெண்ணை மட்டும் ஒப்பிட்டால் அது பள்ளியைப் பற்றிய கணக்கு இல்லை, சேர்க்கையைப் பற்றிய கணக்கு.

மலைப் பள்ளிகளைச் சமவெளியோடு ஒப்பிடுவது அதைவிடத் தவறு. பர்கூர், கடம்பூர் மலைகளில் பிள்ளைகள் யானை நடமாடும் பாதையைத் தாண்டி வர வேண்டும். மழைக்காலத்தில் வருகை விழும். தாளவாடியில் வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளைகள் நிறையப் பேர். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி தமிழும் படித்தாக வேண்டும். வால்பாறையில் தேயிலைத் தோட்டத்துக் குடும்பம் இடம்பெயர்ந்தால் பிள்ளையும் போய்விடும். கோபிசெட்டிபாளையம் நகரப் பள்ளியின் எண்ணை வைத்துக் கடம்பூர்ப் பள்ளியை அளக்கவே கூடாது. கடம்பூரை அளக்க, ஐந்து ஆண்டுக்கு முந்தைய கடம்பூரே பொருத்தமான அளவுகோல்.

தேசிய அடைவுத் தேர்வு போன்ற ஆய்வுகளின் அறிக்கையைக் கொண்டுவந்து காட்டுகிறவர்களும் உண்டு. அவை சில பள்ளிகளை மாதிரியாக எடுத்து மாவட்டத்தின் நிலையைச் சொல்பவை. உங்கள் ஊர்ப் பள்ளியைப் பற்றி அவை எதுவும் சொல்லாது.

எண்ணுக்குப் பின்னால் இருப்பது

ஒரு பள்ளியின் கணித மதிப்பெண் மூன்று ஆண்டாகக் கீழே போகிறது என்றால், முதல் கேள்வி: கணித ஆசிரியர் இடம் எத்தனை மாதம் காலியாக இருந்தது? சிறிய உயர்நிலைப் பள்ளியில் ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு பட்டதாரி ஆசிரியர்தான். அவர் கலந்தாய்வில் மாறிப் போய், அடுத்தவர் வராவிட்டால் 6 முதல் 10 வரை ஐந்து வகுப்புக்கும் அந்தப் பாடம் நின்றுவிடும். பெரிய பள்ளியில் அருகில் இன்னொரு கணித ஆசிரியர் இருப்பார், சமாளிப்பார். பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகத் தொகுப்பூதியத்தில் ஒருவரைப் போடலாம். போடுவது ஜூலையிலா, தீபாவளி கழித்தா என்பதில்தான் அந்த ஆண்டு இருக்கிறது.

ஆகஸ்ட் 1 என்ற தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் 'உபரி' என்று கணக்கிடப்பட்டு வேறு பள்ளிக்குப் போவார். ஒரு மோசமான ஆண்டின் முடிவைப் பார்த்துப் பத்துப் பேர் பிள்ளையை மாற்றிவிட்டால், அதன் விலையை மீதியிருக்கும் பிள்ளைகள் ஆசிரியரை இழந்து கொடுக்கிறார்கள். ஒற்றை எண்ணை அவசரமாகப் படிக்க வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது, வருகை. மொத்த வருகைச் சதவீதத்தைவிட மாத வாரியான வருகை அதிகம் பேசும். ஈரோடு பக்கம் மஞ்சள் வெட்டு ஜனவரியிலிருந்து மார்ச் வரை. கரும்பு வெட்டுக்குப் போகும் குடும்பங்கள் பிள்ளையையும் கூட்டிப்போகின்றன. மாசி, பங்குனியில் ஊருக்கு ஊர் மாரியம்மன் நோம்பி (திருவிழா). கம்பம் நட்டுவிட்டால் இரவெல்லாம் கம்பத்தாட்டமும் ஒலிபெருக்கியும். திருப்புதல் தேர்வுகளும் பொதுத்தேர்வும் அதே மாதங்களில். நோம்பியை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தேர்வுக்கு முந்தின நாட்களில் இரவு ஒன்பதுக்கு மைக்கை நிறுத்துவது என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவெடுத்தால் போதும்.

மூன்றாவது, 6ஆம் வகுப்பில் உள்ளே வரும் பிள்ளையின் நிலை. ஜூன் கடைசியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 3ஆம் வகுப்புத் தமிழ்ப் பத்தி ஒன்று, இரண்டிலக்க வகுத்தல் ஒன்று கொடுத்துப் பாருங்கள். தலைக்கு ஐந்து நிமிடம்தான். வாசிக்க வராதவர்களின் எண்ணிக்கையை எழுதி வைத்துக்கொண்டால், ஏறக்குறைய ஐந்து ஆண்டு கழித்து வரும் பத்தாம் வகுப்பு முடிவை ஓரளவுக்கு அன்றே சொல்லிவிடலாம். 6 முதல் 9 வரை பின்தங்கியவர்களுக்காகப் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் திறன் இயக்கம் இதே இடைவெளியைத்தான் குறிவைக்கிறது. அந்தப் பாடவேளை உண்மையில் நடக்கிறதா, அதையும் கணித ஆசிரியர் சிலபஸ் முடிக்க எடுத்துக்கொள்கிறாரா என்று குழு கேட்க வேண்டும்.

தகவலை எங்கே வாங்குவது

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். சேர்க்கை நீக்கப் பதிவேடு, மாதாந்திர வருகைச் சுருக்கம், பத்தாம் வகுப்பு மதிப்பெண் தொகுப்பு, பணியிட விவரம் ஆகிய நான்கு போதும். எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். பிள்ளைகளின் பெயர், சாதி, யார் தோற்றார் என்பதெல்லாம் வேண்டாம். கிராம சபையில் தோற்ற பிள்ளையின் பெயரை வாசிக்கும் கொடுமையை எந்த ஊரும் செய்யக் கூடாது.

பள்ளியின் சேர்க்கை எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, கழிப்பறை, ஆய்வகம் போன்றவற்றை, பள்ளிகளின் விவரங்களைத் தொகுத்துவைக்கும் மத்திய அரசின் யூடைஸ் பிளஸ் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் உண்டு, தமிழ்நாட்டுப் பள்ளிகளின் எண் 33 என்று தொடங்கும். அங்கும் கிடைக்காதது எதுவாக இருந்தாலும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்படி 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் முதல் வேலையாக மனுப் போடாதீர்கள். தலைமையாசிரியர் பகையாளி என்று தொடங்கினால் அடுத்த பத்து ஆண்டும் அப்படியே போகும்.

மதிப்பெண்ணுக்கு வெளியே இரண்டு எண்களைச் சேர்த்துக்கொள்வது நல்லது. ஒன்று, 8ஆம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் தகுதித் தேர்வில் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேர்வானார்கள் என்பது. தேர்வானால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. அந்தப் பணமே சில வீடுகளில் பிள்ளையைத் தறிக்குப் போகாமல் நிறுத்திவைக்கிறது. மனத்திறன் பகுதி 90, பாடப்பகுதி 90. மனத்திறன் பகுதி வகுப்பில் நடத்தப்படுவதில்லை, அதற்கென்று சனிக்கிழமை பயிற்சி வேண்டும். அதனால் எழுதியவர் எண்ணிக்கையே பள்ளியின் அக்கறையைக் காட்டிவிடும். இன்னொன்று, பத்து முடித்தவர்களில் ஆகஸ்டுக்குள் பதினொன்றிலோ, ஐடிஐயிலோ, பாலிடெக்னிக்கிலோ சேர்ந்தவர் எத்தனை பேர் என்பது. மேல்நிலைப் பள்ளி பத்துக் கிலோமீட்டர் தள்ளி, காலை எட்டுக்கு ஒரே ஒரு டவுன் பஸ் என்றால் பெண் பிள்ளைகள் இங்கேயே நின்றுவிடுவார்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடும், கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் உண்டு. அதைச் சொல்ல வேண்டிய நேரம் பத்தாம் வகுப்பு முடிவு வரும் மே மாதம்.

தோற்ற பிள்ளைக்கு அதே ஆண்டில் துணைத்தேர்வு உண்டு. விண்ணப்பிக்கும் காலம் முடிவு வந்த சில நாட்களிலேயே தொடங்கிச் சீக்கிரம் மூடிவிடும். ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ தேர்வு. அதில் தேறினால் அதே ஆண்டு பதினொன்றில் சேரலாம், ஓர் ஆண்டு வீணாகாது. ஆகவே முடிவு வந்த மறுநாளே குழு செய்ய வேண்டியது: தோற்றவர் வீட்டுக்கு ஒரு ஆசிரியரும் ஒரு பெற்றோர் உறுப்பினரும் சேர்ந்து போவது, எந்தப் பாடம் என்று கேட்டு விண்ணப்பத்தைப் பள்ளியிலேயே பதிவுசெய்து தருவது, தேர்வு வரை தினமும் காலையில் இரண்டு மணி நேரம் அந்த ஒரு பாடத்தை மட்டும் நடத்துவது. மதிப்பெண் குறைவாக வந்துவிட்டது என்று சந்தேகம் இருந்தால் விடைத்தாள் நகல், மறுகூட்டலுக்கும் தனிக் கால அவகாசம் உண்டு, அதையும் அன்றே சொல்லிவிட வேண்டும். பிள்ளை ஏற்கெனவே வேலைக்குப் போய்விட்டால் முதலாளியிடம் சண்டைக்குப் போகாமல் சம்பள நாளுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் போய்ப் பாருங்கள், அன்றுதான் அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் வீட்டில் இருப்பார்கள். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையாக இருந்தால் காத்திருக்க வேண்டாம், 1098-க்கு அழைத்துவிடுங்கள்.